எல்லா இன்ஜினுக்கும் மூன்றாம் நம்பர்

ராஜபாளையம்
ஞாயிறு மதியம்

அன்பு மகன் பாண்டிதுரைக்கு உன் அம்மா பரிபூரணம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா, அந்த வெயிலில் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாயா என்பதுதான் எனக்குக் கவலை.

தினம் போனில் பேசுகிற அம்மா கடுதாசி எழுதுகிறாளே என்று பதறாதே. போன் வந்தால் உன் பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறாள், நீயும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறாய். அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மாரிச்செல்வி இன்று வன்னியம்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், உன்னிடம் ஜோத்பூருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொண்டு வருவதற்கு. உன் அப்பா தேவதானம் வயலில் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, சத்தம் குறையவில்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, நடவுக்குப் பயமில்லை.

பட்டாளத்தில் உனக்குக் குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் அவளை அனுப்புங்கள் என்று நீ சொன்ன அன்று தெரு முழுக்கச் சேதி சொன்னவர் உன் அப்பா. நானும் சந்தோஷப்பட்டேன். கல்யாணமாகி மூன்று வருஷமும் நீ ஒரு மூலை, அவள் ஒரு மூலை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவளோடு போய்வந்த பிறகு என் மனசு மாறிவிட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

நீ புனேயில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய குட்டி ரயில்களை நினைத்துப் பார். மாடியறை முழுக்கப் பலகை போட்டு, ஒரு பக்கம் ராஜபாளையம் ஸ்டேஷன், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன், பின்னால் மலை என்று கட்டினாய். தண்டவாளத்தில் கரண்ட் விட்டால் மேலே நிற்கிற இன்ஜின் எல்லாம் சேர்ந்து கிளம்பிவிடும் என்று அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்தாய். ஒன்றை நிறுத்தி இன்னொன்றைக் கிளப்ப அறைக்குள் அங்கும் இங்கும் ஓடுவாய். சாப்பிடக் கூப்பிட்டால், செத்த நேரம் பொறும்மா, சிக்னல் விழல என்பாய்.

லீவு முடிந்து நீ போன பிறகு பச்சை இன்ஜின் நின்றுபோனது. அவள் பிரித்துப் பார்த்தாள். பிரிச்சிட்டியா, போச்சு போ என்று நீ போனில் கத்தினாய். அந்த வாரமே அதை ஓட்டிக் காட்டினாள். அதோடு விட்டுவிட்டாள் என்றுதானே நினைத்திருக்கிறாய். விடவில்லை, ஐயா.

பாலிடெக்னிக்கில் படித்த படிப்பு அவள் கையில் அப்படியே இருக்கிறது. இப்போது இன்ஜினுக்குள்ளேயே நகத்தளவு சிப் வைக்கிறார்கள். தண்டவாளத்தில் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு நம்பர். செல்போனில் எந்த நம்பரைக் கூப்பிடுகிறோமோ அந்த இன்ஜின் மட்டும் கிளம்பும், மற்றதெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு நிற்கும். உன் சுவிட்சுகளை எல்லாம் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். நானே அடுப்பங்கரையில் காய் நறுக்கிக்கொண்டு மாடியில் வண்டி ஓட்டியிருக்கிறேன். பொம்மை வண்டிக்கு எம்புட்டுச் சீர் என்று சிரித்த உன் அப்பா இப்போது ஹாரன் அடிக்காமல் தூங்கப் போவதில்லை.

அவளுக்குச் சாமான் தருகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பத்குமார் சார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெளிநாட்டிலிருந்தும் வடக்கேயிருந்தும் தண்டவாளம், பெட்டி, சிப் எல்லாம் வரவழைத்து ஊர் ஊராக அனுப்புகிறார். நல்ல மனுஷன். யாருக்காவது ஒரு திருகாணி குறைந்தால்கூடத் தன் சொந்த இன்ஜினைப் பிரித்து எடுத்து அனுப்பிவிடுவாராம். வண்டியை ஓட்ட முதலில் வயர் வைத்த கண்ட்ரோல் பெட்டி வந்தது, பிறகு வயர் இல்லாத பெட்டி, இப்போது செல்போன். ஒவ்வொன்று மாறும்போதும் புதுசு பழசோடு சேராது என்று விற்கிறவர்கள் கையை விரிக்கிறார்கள். வெளிநாட்டுச் சிப் நம் ஊர் இன்ஜினுக்குள் அடங்காது. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் மாரியிடம் கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் அரத்தால் ராவி, ஈயம் வைத்து, அடக்கிவிடுகிறாள்.

போன ஞாயிறு அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தார். மதுரை, கோயம்புத்தூர், பெங்களூரில் இருந்தெல்லாம் ஆட்கள் தங்கள் இன்ஜினோடு வந்தார்கள். மண்டபம் சுற்றித் தண்டவாளம். சனங்கள் வாசலில் காத்திருக்க, சார் ஒரு இன்ஜினைக் கூப்பிட்டார். அம்புட்டு இன்ஜினும் கிளம்பிவிட்டன. எதிரும் புதிருமாக வந்து முட்டி, மூன்று வண்டி தரையில் விழுந்தது. கண்ட்ரோல் பெட்டி போச்சு, வேற வரவழைக்கணும், இன்னைக்கு நடக்காது என்று பெங்களூர்க்காரர் சொல்லிவிட்டார். சம்பத்குமார் சார் முகத்தில் ஈயாடவில்லை.

மாரி செத்த நேரம் பார்த்தாள். பிறகு, எல்லாரும் புதுச் சிப்பு வச்சிருக்கீக, கம்பெனில இருந்து வரும்போதே எல்லாத்துக்கும் மூணாம் நம்பர்தான், வீட்டுல ஒத்தையா ஓட்டுனதால தெரியல என்றாள். இன்ஜினை எல்லாம் இறக்கச் சொன்னாள். தனியாக ஒரு முழம் தண்டவாளம் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிப் புது நம்பர் கொடுத்தாள். முடிந்தது எது, முடியாதது எது என்று குழப்பம் வரக் கூடாதே என்று, என் பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து முடிந்ததன் அடியில் நான் ஒட்டினேன். பெங்களூர்க்காரர் கைகட்டி நின்று பார்த்தார். கடைசியில் அவரே, உங்க மகளாம்மா என்று என்னிடம் கேட்டார். ஆமா என்று சொல்லிவிட்டேன். மருமகள் என்று சொல்ல வாய் வரவில்லை.

கதவைத் திறந்தார்கள். ஒன்று கிளம்ப, ஒன்று நிற்க, ஒன்றுக்கு ஒன்று வழிவிட, அப்படி ஒரு அழகு. கையில் போனோடு நின்ற அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகம் இல்லை.

சாயங்காலம் சம்பத்குமார் சார் அவளைக் கூப்பிட்டு, என் மாடியை ஒழிச்சுத் தாரேன்மா, சாமான் வாங்கித் தர்றதோட நான் நிறுத்திக்கிறேன், பொருத்துறது, ஓட்டிப் பாத்து அனுப்புறது, யாருக்கு எது சரின்னு சொல்றது எல்லாம் இனிமே உன் பேர்லயே நடக்கட்டும் என்றார். இவள் யோசிக்கவே இல்லை. அடுத்த மாசம் ஜோத்பூர் போறேன் சார், வேற ஆள் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில், ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன என்று கேட்டேன். அவிய கூப்பிட்டாச்சு, போகணும்ல அத்தை என்றாள். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அழவில்லை.

உன்னிடம் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவிய ஆசையா வாங்குனத நான் புடுங்கிக்கிட்டேன்னு ஆயிரும் அத்தை என்றாள். நேற்று பெட்டி கட்டும்போது ஈயம் பற்றவைக்கிற கோலைத் தன் பழைய சேலையில் சுற்றி என்னிடம் கொடுத்து, பரண்ல போட்டுருங்க, துருப்பிடிச்சாலும் பரவால்ல என்றாள்.

ஜோத்பூரிலேயே உட்கார்ந்து செய்யட்டுமே என்பாய். பொருத்திய ஒவ்வொன்றையும் நீளத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். குவார்ட்டர்ஸில் அதற்கு எங்கே இடம்? உனக்கு மாற்றல் வந்தால் மறுபடி எல்லாவற்றையும் கட்ட வேண்டும். புருஷன் இருக்கிற இடத்தில் பெண்டாட்டி இருக்கட்டும் என்கிறார் உன் அப்பா. அதிலும் நியாயம் உண்டு. பேரப்பிள்ளை ஆசை எனக்கு மட்டும் இல்லையா? நீ தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று அம்மா அவளைப் பிடித்து வைக்கிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. சோறுதான் குறை என்றால் நான் வாரேன், எத்தனை மாதமானாலும் ஆக்கிப் போடுகிறேன். உனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ்தான். அதுவரை அவள் லீவுக்கு லீவு வந்து இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள், ஐயா. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டாள். அதனால்தான் கூப்பிடாதே என்கிறேன்.

இந்தக் கடுதாசி வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஆண்டாள் உன்னைக் கண்கலங்காமல் வைத்திருக்கட்டும். அடுத்த முறை போன் பண்ணும்போது எப்போது கிளம்புகிறாய் என்று அவளிடம் கேட்காதே. இன்றைக்கு எந்த இன்ஜின் ஓட்டினாய் என்று கேள். பிறகு குறுக்கே பேசாமல் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இரு.

உன்னையும் அவளையும் ஒரே தட்டில் வைத்திருக்கும்,
அம்மா
பரிபூரணம்