பூந்திக்குத் தாய்மாமன்

பிப்ரவரி 6, வியாழன்

வருகிற பதினாறாம் தேதி பூந்திக்கு இரண்டு வயசு முடிகிறது. தெருவையே கூட்டிக் கொண்டாடப் போகிறேன். முடிவு பண்ணியாச்சு.

"நாய்க்கா?" என்றார் இவர். தினமும் காலேஜ் பஸ் ஓட்டிட்டு வந்ததும் யாரை மடியில் வைத்துக் கோழி ஊட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

என் தையல் கடையில் மிச்சம் விழுந்த பச்சைப் பட்டில் பாவாடை வெட்டியிருக்கிறேன். இடுப்பளவு எடுப்பதற்குள் பாதி பாக்கெட் பிஸ்கட் காலி.

பிப்ரவரி 9, ஞாயிறு

மதகடிப்பட்டு பேனர் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் குமரவேல் கம்ப்யூட்டரில் ஏதோ காதுகுத்து பேனரைத் திறந்து, குழந்தை படத்தை எடுத்துவிட்டுப் பூந்தியை வைத்தான். கீழே 'தாய்மாமன்' என்று ஒரு கட்டம். "இத்த எடுத்துடட்டாக்கா?"

எனக்கு என்ன வந்ததோ! "ஏன் எடுக்கணும்? அவளுக்கு மாமன் இல்லியா? போடு. சுப்புராயன், செலியமேடு."

அண்ணன் என்னோட பேசி ஏழு வருஷம் ஆச்சு. அவர் பொண்ணு பிரியதர்ஷினி வயசுக்கு வந்தப்ப, அத்தையாச்சேன்னு ஆசையா நலங்கு வைக்கப் போனேன். அண்ணியோட அம்மா என் கையைப் புடிச்சிட்டாங்க. "புள்ள இல்லாதவ மொதல்ல வைக்க வேணாம்மா." அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு. ஒரு வார்த்தை? ம்ஹூம். சந்தனத்தைக் கிண்ணத்துலயே போட்டுட்டு வந்துட்டேன். அதோட சரி.

இப்ப என் புள்ளைக்கு அவர்தான் மாமன். ஊரே படிக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

தெருமுனையில் பேனர் கட்டியாச்சு. தலையில் கிரீடத்தோடு பூந்தி — என் கண்ணே பட்டுடும்! யாரோ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். அண்ணன் ஊர் செலியமேடு வரைக்கும் போய்விட்டதாம்.

பிப்ரவரி 13, வியாழன்

பிளவுஸ் வாங்க வந்த ஸ்டெல்லாவுக்குச் செலியமேடுதான். அங்கே டீக்கடையில் அண்ணனை ஓட்டி எடுக்கிறார்களாம். "இன்னாபா, நாய்க்குத் தாய்மாமனாமே, சீர் எப்போ?" பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாராம். "கோவத்துல வந்து கிழிச்சிடப் போறாரு, பேனரை எடுத்துடுக்கா" என்றாள்.

எடுக்க மாட்டேன். கிழிக்கறதுக்காவது என் தெருவுக்கு வரட்டும். அப்படியாவது மூஞ்சியப் பாக்கறேன்.

பிப்ரவரி 15, சனி

பூந்தியைக் குளிப்பாட்டினேன். நனைந்தது நான்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாக்லேட் கூடவே கூடாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கோழியும் சோறும் கேரட்டும் பிசைந்து கேக் மாதிரி தட்டிவைத்தேன். பிள்ளைகளுக்குத் தனியாக நிஜக் கேக். வாசல் நிறைய கூட்டம்.

கேக் வெட்டப் போகும்போது வண்டி ஒன்று வந்து நின்றது. அண்ணன். பின்னால் அண்ணி, மடியில் துணி மூடிய தட்டு. இவர் போய் எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.

அண்ணன் பேனரை மேலும் கீழும் பார்த்தார். "பேரு போட்டா ஆச்சா? வூட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வெச்சி அழைக்க மாட்ட? தாய்மாமன இப்படித்தான் கூப்புடறதா?"

"கூப்ட்டிருந்தா வந்திருப்பியாண்ணா?"

"வந்திருக்க மாட்டேன்." அப்புறம், அத்தனை பேர் முன்னாலயும் சொன்னாரு: "அன்னிக்கி நான் பேசியிருக்கணும் மஞ்சு."

அழுதேன். ஆமா, அழுதேன். இன்னா இப்ப?

தட்டில் பழம், பிஸ்கட், மாலை, எனக்கு ஒரு புடவை. காதுகுத்துக்குப் பிள்ளையை உட்கார வைப்பது போலவே பூந்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் மாமன். அவள் மாலையைக் கடித்துத் துப்பினாள். "ஒன்ன மாரியே திமிரு" என்றார் அண்ணன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணி போன் பண்ணினார்கள். நாளைக்குப் பிரியாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம். "நீ வந்துதான் பொடவ கட்டி, பூ வெச்சி, கையப் புடிச்சி கூட்டியாரணும்."

"உங்கம்மா இன்னா சொல்லுவாங்களோ" என்றேன்.

"உங்கண்ணன் பேசிட்டாரு" என்றார்கள்.