எல்லோரும் ஒத்துக்கொண்டோமாம்

12.3.74, செவ்வாய்
சிட்னி முழுக்க மழை. துணி காயவில்லை. பல்கலைக்கழகப் பெட்டி வந்துவிட்டது. நான்கு புத்தகம், எட்டுப் பேருக்கு எட்டுப் பாடக்குறிப்பு. பரீட்சையுமில்லை, பட்டமுமில்லை. அயலவர் எட்டுப் பேர் கூடிப் பேசி, பேசியதை எழுதி அனுப்பினால் விரிவுரையாளர் பதில் போடுவார். எழுதுவது எப்போதும் நான். கையெழுத்து அழகாம்.

இம்முறை தலைப்பு 'புதிதாக வந்தவர்கள்'. எட்டுப் பேரில் அப்படி வந்தவள் நான் ஒருத்தி.

13.3, புதன்
கூட்டம் எங்கள் வீட்டில். கதிரை போதவில்லை. குழுத் தலைவர் ரொன், ஓய்வுபெற்ற வங்கி மானேஜர், சொல்லச் சொல்ல எழுதினேன்: "வந்தவர்கள் வீட்டிலும் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசவேண்டும் என எல்லோரும் ஒத்துக்கொண்டோம்."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்காமல் கேக் வெட்டிக் கொடுத்தேன். வெட்கக்கேடு.

15.3, வெள்ளி
வாங்க வேண்டியவை: முட்டை, துணிச் சவர்க்காரம், முத்திரை.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள். ஏழு என்பதை எட்டென்று எழுதிய பிள்ளைக்குப் பிழை போட்டிருப்பேன். அறிக்கையைக் கிழித்தேன். புதிதாக எழுதியது: "ஏழு பேர் ஒத்துக்கொண்டனர். ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுதுகிறவளே அந்த ஒருத்தி. காரணங்கள் கீழே." காரணங்கள் மூன்று பக்கம்.

நான் தமிழில் கேட்க மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். மிச்சமிருக்கிற பாதியையும் விட்டுக்கொடுக்கவா?

என் கணவர் அறிக்கையை வாசித்துவிட்டு, "உமக்கேன் இந்த வம்பு? அயலட்டைச் சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கட்டும். என்ர பிள்ளையோட நான் என்ன பாஷையில கதைக்கிறதெண்டு ரொன்னோ சொல்லுறது?"

கடிதத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். "பாரமாக் கிடக்கு. இன்னொரு முத்திரை ஒட்டும்."

18.3, திங்கள்
ரொன் ரெலிபோன். அனுப்புமுன் வாசித்துக் காட்ட வேண்டுமாம். சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன் என்றேன். என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். "ஒற்றுமையாக இருந்த குழு இது" என்றார்.

ரெலிபோனை வைத்தபின் ஒரே சந்தோஷம். மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு.

27.3, புதன்
வெயில். கூட்டம் ரொன் வீட்டில். ஏழு பேரும் முதலே வந்து காத்திருந்தனர். ரொன் எழும்பி நின்று அறிவித்தார்: "இனி அறிக்கையை நானே எழுதுகிறேன்."

தண்டனையாம்! கொப்பியையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன். "நல்லது, எழுதுங்கள். எனக்குப் பேச நிறைய இருக்கிறது."

இரண்டாம் பக்கத்திலேயே, "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், கை வலிக்கிறது" என்றார்.

நான் மெதுவாக்கவில்லை.