இருபே என்றால் பூ

லா பிளாத்தா, ஆகஸ்ட் 1978

அன்பே,

தபாலை நம்பாமல் இதை ஆள் மூலம் மெக்ஸிகோவுக்கு அனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

நான் கண்டுபிடித்த சிறுகோளுக்கு எண் கொடுத்துவிட்டார்கள். இனி பெயர் சொல்ல வேண்டியது நான்தான். ‘இருபே’ என்று நம் மகளின் பெயரை எழுதிவிட்டேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. ஏன் அந்தப் பெயர் என்று இரண்டு வரி விளக்கம் வேண்டுமாம். அது அச்சாகி உலகத்து வானாய்வகங்களுக்கெல்லாம் போகும். இங்கேயும் வரும்.

வழக்கம் உனக்குத் தெரியும். இருப்பவர் என்றால் ‘கௌரவிக்க’, இல்லாதவர் என்றால் ‘நினைவாக’.

பக்கத்து மேசை எவாரிஸ்தோ எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, பொண்ணுக்கு இதுல எதைப் போடப்போற?” என்று மெதுவாகக் கேட்டார்.

ராணுவத்து ஆட்கள் அந்தப் பச்சைக் காரில் அவளை ஏற்றிப் போய்ப் பதினாறு மாதமாகிறது. ‘நினைவாக’ என்று எழுதினால் நானே முடித்துவைத்தது போலாகும். ‘கௌரவிக்க’ என்றால், எதற்கு என்று கேட்க அதே கார் வரும். அவள் இன்னும் அவர்கள் கையில் இருந்தால்?

“மகள்னே எழுதாத. பரானா ஆத்துல மிதக்குமே இருபே, அந்தப் பூவுன்னு எழுது. பூவைத் தேடி எவனும் வரமாட்டான்” என்றார்.

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அங்கே யார் கேட்டாலும் நீயும் பூ என்றே சொல். பெருமையில் உளறிவிடாதே.

அவள் வந்ததும் விளக்கத்தைத் திருத்தச் சொல்வேன். வராவிட்டால்...

எழுதிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ படிக்காதே.

உன்னவள்