பாடம் ஈரலுக்குப் போன பிறகும்

இன்று காலை சிறுவர் வார்ட்டில் என் மாணவி ஒருத்தி பென்சிலின் குப்பியின் தகர மூடியைக் கிளப்பினாள். மழை ஈரம் ஏறிய துணிப்பெட்டியைத் திறந்ததுபோல் அந்தப் பூஞ்சண மணம் எழுந்தது. மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கோ நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. நீ போன பிறகும் உன்னோடு கதைக்க வேண்டியவை குறையவில்லை, அதனால் எழுதுகிறேன். இதை நீ வாசிக்கப்போவதில்லை என்பது தெரியும். இருந்த காலத்திலும் என் கடிதங்களைப் பாதியில் விட்டுவிட்டு, "எடி, உனக்குச் சுருக்கி எழுதத் தெரியாதே?" என்று கேட்டவள்தானே நீ.

நாங்கள் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. மிச்சமிருந்தவை சைக்கிளும் எங்கள் வாயும்தான். நீ குருநகர்க் கடற்கரைப் பிள்ளை, நான் தென்மராட்சித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. விடுதியில் உன் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் தொடமாட்டேன் என்று தெரிந்தும் இறால் பொரியலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது கடலிலை விளைஞ்ச மரக்கறியடி" என்பாய்.

எங்களுக்கு நோயியல் படிப்பித்த மிஸ்ஸை நீ எந்த உலகத்திலும் மறந்திருக்க மாட்டாய். நோயின் பெயரைச் சொன்னால் அவவுக்குக் கோபம் வரும். "பேரை ஆரும் பாடமாக்கலாம். வந்த வழியைச் சொல்லு" என்பா. கால் வீங்கியிருக்கிறது என்றால் ஏன் வீங்கியது, இரத்தக் குழாய்க்குள் இருந்த தண்ணீர் ஏன் வெளியே வந்தது, அதைத் தள்ளியது எது என்று ஏனுக்கு மேல் ஏன் கேட்டு எங்களைச் சுவரோடு சாத்திவிடுவா.

இப்படி எல்லா நோய்களின் வழியையும் படித்ததில் எங்களுக்குப் புதிதாக ஒரு வருத்தம் பிடித்தது. என்ன பாடம் நடக்கிறதோ அந்த வருத்தம் எங்களுக்கு வந்துவிடும். சலரோகப் பாடம் நடந்த கிழமை வகுப்பு முழுவதும் சீனி வருத்தக்காரர்போல் தாகத்தால் தவித்தது. சிறுநீரகப் பாடம் தொடங்கியதும் காலையில் எழுந்து கண்மடல் வீங்கியிருக்கிறதா என்று கண்ணாடிக்கு முன் அடிபட்டோம். மூளைக்காய்ச்சல் பாடத்தன்று கழுத்து வளைகிறதா என்று தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் முட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டுக்குப் போனோம். "இந்தக் கிழமை என்ன வருத்தம்?" என்பதுதான் எங்களுக்குள் சுகம் விசாரிக்கும் முறை. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் இல்லாத வருத்தங்களைச் சொல்லிச் சிரித்தது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இதயப் பாடம் வந்தது. எல்லாருக்கும் படபடப்பு, எல்லாருக்கும் நெஞ்சுக்குத்து. நீ மட்டும் அழகாக, ஒழுங்காகச் சொன்னாய்.

"படி ஏறினால் மூச்சு வாங்குது. மல்லாந்து படுக்கேலாது. எதிர்க்காத்திலை சைக்கிள் மிதிச்சால் நெஞ்சுக்குள்ளை ஆரோ நிண்டு தள்ளுற மாதிரிக் கிடக்கு."

நாங்கள் கைதட்டினோம். "வருத்தம் எண்டால் இப்பிடியெல்லோ வரவேணும்!" என்றேன் நான். நீ எழுந்து நாடகக்காரிபோல் கும்பிட்டாய்.

அடுத்த கிழமை பாடம் ஈரலுக்குப் போனது. எல்லாருடைய நெஞ்சும் ஒரே நாளில் சுகமாகிவிட்டது, எல்லாருக்கும் கண் மஞ்சளாகத் தொடங்கியது. நீயும் கீழ்இமையை இழுத்துக் காட்டினாய். ஆனால் அந்தக் கிழமை நாங்கள் இரண்டு பேரும் சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிளில் போனபோது நீ மதகடியில் இறங்கி நின்று குளத்தைப் பார்த்தாய்.

"என்னடி பார்க்கிறாய்?"

"கொக்கு."

குளத்தில் கொக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. உன் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. மத்தியான ஓய்வில்கூட நீ பெட்டியையும் இரண்டு தலையணையையும் அடுக்கி, அதில் சாய்ந்தபடிதான் கண்ணயர்வாய் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பாடம் ஈரலுக்குப் போன பிறகும் உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எடி, இது பகிடி இல்லை, என்ன?"

நீ சைக்கிள் மணியை விரலால் தட்டிக்கொண்டு நின்றாய். பிறகு சொன்னாய்: "சின்னனிலை தொண்டை நோ வந்து, பிறகு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் காஞ்சது. இதயத்திலை ஒரு வால்வு சுருங்கிப்போச்செண்டு டொக்டர் அப்பவே சொன்னவர். மாசாமாசம் பென்சிலின் ஊசி போட்டவை. பிறகு சண்டையோடை எல்லாம் விட்டுப்போச்சு. இஞ்சை சேரேக்கை பரிசோதிச்சவைக்கு அது கேக்கேல்லை. மெல்லிய சத்தம்தானே."

"மிஸ்ஸிட்டைச் சொல்லு."

"சொன்னால் உடம்பு தகுதியில்லை எண்டு வீட்டை அனுப்பிப்போடுவினம். கடலுக்குப் போகேலாமல் அப்பான்ரை வள்ளம் கரையிலை கிடக்கு. நானும் போய் அதுக்குப் பக்கத்திலை கிடக்கிறதே?"

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நானும் ஒரு தாதி, ஒரு மிஸ்ஸி ஆவன். எத்தினை நாளைக்கு எண்டுதான் தெரியாது."

அதன் பிறகு அந்த இதயப் பாடத்தை நாம் திரும்பவும் எடுத்துப் படித்தோம். பரீட்சை எங்கள் நினைவிலேயே இல்லை. ஆங்கிலப் புத்தகத்தில் அந்த நோயாளிகள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று எழுதியிருந்த பந்தியை மட்டும் நீ உள்ளங்கையால் மூடிக்கொள்வாய். எனக்கு அழுகை வரும். நீதான் நிதானமாக வழியைப் பிடித்துக்கொண்டு போனாய். தொண்டைக்குக் கிருமி வருகிறது. அதை எதிர்க்க எழும்பும் உடம்பு ஆள் மாறித் தன் இதயத்தையே அடிக்கிறது. அடிபட்ட வால்வு ஆறும்போது தழும்பு பிடித்துச் சுருங்குகிறது. இன்னொரு முறை தொண்டை நோ வந்தால் இன்னும் சுருங்கும். "அப்ப தொண்டையிலையே மறிச்சால்?" என்று நீயே கேட்டு நீயே நிமிர்ந்தாய். "வந்த வழி தெரிஞ்சால் மறிக்கிற இடமும் தெரியுமெல்லோ! எனக்கு அந்த ஊசி வேணுமடி." ஊசி வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும். அது உனக்கும் தெரியும்.

மீட்டல் வகுப்பில் மிஸ் கேட்டா: "இடப்பக்கத்து வால்வு சுருங்கினால் ஏன் மூச்சு முட்டும்?" நீ எழுந்தாய்.

"மிஸ், ஒரு வீட்டுப் படலை அரைவாசிதான் திறக்குது எண்டு வையுங்கோ. உள்ளை போற சனம் முழுக்கப் போகேலாது. வெளியிலை நெருக்குப்பட்டுத் தெரு ஒழுங்கை நிறையும். ஒழுங்கையிலையும் இடமில்லாட்டிச் சனம் வேலியைப் பிரிச்சுக்கொண்டு பக்கத்து வளவுக்குள்ளை இறங்கும். அந்த வளவுதான் நுரையீரல். இறங்கிற சனம்தான் தண்ணி. நாங்கள் படுத்தால் காலுக்குள்ளை நிண்ட சனமும் சேர்ந்து வந்திடும். அதாலைதான் மல்லாந்து படுக்கேலாது."

"வடிவாய்ச் சொன்னாய். உது எந்தப் புத்தகத்திலை கிடக்கு?"

"புத்தகத்திலை இல்லை மிஸ். எனக்கு இருக்கு."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "எடியே, நாங்கள் மூளைக்கு வந்திட்டம், நீ இன்னும் நெஞ்சிலையோ!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். நான் சிரிக்கவில்லை. மிஸ்ஸும் சிரிக்கவில்லை. படுக்கை விரித்துப் பழகும் கட்டிலைக் காட்டி, "ஏறிப் படு. இடப்பக்கம் சரிஞ்சு கிட" என்றா.

ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு அவ கண்ணை மூடிக்கொண்டா. வகுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னா. என் முறை வந்தது. தூரத்து ஒழுங்கையில் ஒரு வண்டில் உருள்வதுபோன்ற சத்தம். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்களில் ஒருத்தியின் முகத்திலும் சிரிப்பில்லை. "பின்னாலை வாங்கிலை இருந்து கத்தினவளும் கேட்டிட்டாளோ?" என்று நீதான் கட்டிலில் கிடந்தபடி கேட்டாய். அவள் கேட்டுவிட்டு உன் காலடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்னை அனுப்பிப்போடுவியளோ மிஸ்?"

மிஸ் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினா. "நாளைக்கு நானே உன்னை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். ஊசியை நாங்கள் போடுவம். வருத்தத்தின்ரை வழியை இவ்வளவு விளங்கின பிள்ளையை அனுப்பிப்போட்டு நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?"

அன்றிலிருந்து உன் ஊசி வகுப்பின் ஊசி ஆகிவிட்டது. மருந்து கிடைக்காத காலம். யார் கொழும்பிலிருந்து வருகிறார்கள், எந்தக் கப்பலில் மருந்து வருகிறது என்று எல்லாரும் விசாரித்துத் திரிந்தோம். அந்த மருந்து பால்போலத் தடித்தது, கொஞ்சம் தாமதித்தால் ஊசி அடைத்துவிடும். உன் இடுப்பில்தான் நாங்கள் ஊசி போடப் பழகினோம். "மாதாவே! பாவிகளே, உங்களுக்கெல்லாம் நரகம்தான்" என்று திட்டிக்கொண்டே சிரிப்பாய். பரீட்சையில் தேறினாய். பாரம் தூக்கும் வார்ட்டுகளுக்கு விடாமல் உன்னைச் சிறுவர் பக்கம் போட்டார்கள். அங்கே என்ன வருத்தத்துக்கு வந்த பிள்ளையையும் தொண்டையைப் பார்க்காமல் நீ விட்டதில்லை. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேற, வலிகாமமே வீடுகளை விட்டு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது என் சைக்கிள் கரியரில் இருந்து வந்தாய். எங்கள் வளவு மாமரத்தின் கீழ்ச் சனம் நிறைந்து கிடக்க, மழையில் நனைந்த பிள்ளைகளை வரிசையில் இருத்தி "ஆ காட்டு" என்றாய். என் அம்மா உன்னைக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லிக் களைத்துப்போனா. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கொழும்பில் தொடை வழியாகக் கம்பி விட்டு உன் வால்வை விரித்துவிட்டார்கள். அன்று நான் கோயிலுக்கும் போனேன், உன் மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன்.

இப்போது நானும் நோயியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் மாறவில்லை. என்ன பாடமோ அந்த வருத்தம் அவர்களுக்கும் வருகிறது. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அடுத்த பாடம் தொடங்கி எல்லாரும் பழைய வருத்தத்தை மறந்த பிறகு, "அது இன்னும் ஆருக்கு மாறேல்லை?" என்று ஒருமுறை கேட்பேன். பெரும்பாலும் ஒருவரும் கையுயர்த்துவதில்லை.

இந்தமுறை சலரோகப் பாடம் முடிந்து கனநாள் சென்ற பிறகும் ஒரு பிள்ளையின் தாகம் அடங்கவில்லை. உடம்பும் மெலிந்துகொண்டே வந்தது. இரத்தத்தைப் பரிசோதித்தோம், உண்மையாகவே இருந்தது. இனி ஒவ்வொரு நாளும் இன்சுலின் என்றதும் அவள் என் மேசைக்கு முன் இருந்து அழுதாள். நான் உன் கதையைச் சொன்னேன். மதகையும், கட்டிலையும், ஊசியையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த மிஸ்ஸி எத்தினை வயசு வரைக்கும் உயிரோடை இருந்தவ?"

"தலை முழுக்க வெள்ளையாகும் மட்டும் இருந்தவ, பிள்ளை. மை பூசச் சொன்னால் சண்டைக்கு வருவா. 'கஷ்டப்பட்டு எடுத்த நரையடி, எதுக்கு மறைக்கிறது?' எண்டு கேப்பா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கறுத்தப் பின்னலை எடுத்து முன்னால் விட்டுப் பார்த்தாள்.