சான்றிதழில் அம்மாவின் பெயர்

13 மே 2006, சனி

இன்று லண்டன் லூயிஷாம் பதிவு அலுவலகத்தில் நானும் நிர்மலாவும் சட்டப்படி துணைவியரானோம். "இரண்டு பெண்கள் என்பதால் சட்டத்தில் இதற்குத் திருமணம் என்று பெயரில்லை," என்றார் பதிவாளர். எனக்குச் சுருக்கென்றது.

சாட்சிக்கு வந்த அம்மா சான்றிதழை எழுத்துக்கூட்டி வாசித்தார். "என்ர பேரும் கிடக்கே?"

"ஓமம்மா. இங்கத்தைக் கலியாணச் சான்றிதழிலதான் அப்பான்ர பேர் மட்டும். இதில அம்மா, அப்பா ரெண்டு பேரின்ரயும் போடுவினம்."

"என்ர தொழில் தையல்காரி எண்டும் போட்டிருக்கு! அப்ப இதெல்லோ பிள்ளை நல்ல கலியாணம்!" என்று நிர்மலாவைக் கட்டிக்கொண்டார்.

நாளைக்கு மூவரும் கோயில் பூசைக்குப் போகவேண்டுமாம். அங்கே சனம் என்ன கேட்குமோ, அம்மா என்ன சொல்லுவாரோ...

என் மனைவி லைட்டை அணைக்கச் சொல்கிறாள். மனைவி என்று எழுதவே சிரிப்பு வருகிறது.