சிப்பிக்குத்தான் காசு

என் கண்ணுக்குள்ளேயே இருக்கிற அம்மாவுக்கு,

அப்பா வாசலில் தூங்குகிறார். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். செத்தவர்களை இருட்டில் கூப்பிடக் கூடாது என்று அவர் திட்டுவார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விடிந்தால் மடுகரை அத்தை எங்களைக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

தம்பி தவழ்கிறான் அம்மா. அவனைப் பெற்ற கையோடு நீ போய்விட்டாய்; அவன் சிரிப்பதைக்கூட நீ பார்க்கவில்லை. உன்னைப் போலவே ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது.

கரும்பு வெட்டுக்கு முன்னால் அத்தை வந்திருந்தாள். "பொட்டப் புள்ளைக்கு பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் இன்னாத்துக்குண்ணா? ரெண்டுத்தையும் என் வூட்டுக்கு அனுப்பு. அவ புள்ளையப் பாத்துக்குவா, எனக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளாச்சு" என்றாள். "பகல்ல புள்ளையப் பாத்துக்க ஆள் வெச்சா கூலிக்கு நான் எங்க போவேன்? வெட்டு முடியட்டும், அனுப்பறேன்" என்றார் அப்பா. அந்தக் கூலிக்கு வழி பண்ணினால் நான் பள்ளிக்கூடத்தை விட வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

எனக்குத் தெரிந்தது உன் கண்மை ஒன்றுதான்.

வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணி பறித்து, சாறு பிழிந்து, வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் காயப்போடுவாயே, அந்தப் பச்சை வாசனை வீடு முழுக்க நிற்கும். துணியைத் திரியாக்கி ஆமணக்கெண்ணெயில் ஏற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்ப்பாய். "மூச்சு வுடாதடி, கரி பறந்துடும்" என்பாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். உனக்கும் சிரிப்பு வந்துவிடும், கரி பறந்துவிடும். மிஞ்சிய கரியை வழித்து எண்ணெயில் குழைத்தால் மை. குழந்தை பிறந்த வீடெல்லாம் உன்னிடம்தான் வரும். மோதிர விரலால் தீட்டிவிட்டு வெற்றிலை வாங்கிக்கொள்வாய். காசை நீட்டினால் மட்டும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வாய். "மைக்குக் காசு வாங்குனா மை செத்துடும்மா" என்பாய்.

அது தெரிந்தும்தான் செய்தேன். மையை வாழைச் சருகில் மடித்து, கடைத்தெரு பாயிடம் விற்கக் கொடுத்தேன். முதலில் எடுத்துப் பார்த்தவளே, "அய்யே, காசுக்கா? காசுக்கு வாங்குன மையை எம்புள்ளைக்கு வெக்கவா?" என்று கீழே போட்டுவிட்டாள். வெயிலில் எண்ணெய் கசிந்து பாயின் சர்க்கரை மூட்டையெல்லாம் கறுப்பு. "பாப்பா, சும்மா குடுத்தா மட்டும்தான் போவும். அப்புறம் நான் இன்னாத்துக்குக் கடை வெச்சினுகீறேன்?" என்று சிரித்தார்.

ஒரு நாள் கடலோரப் பனித்திட்டிலிருந்து கருவாடு விற்க வந்தவளின் கூடையில் தம்பி கையை விட்டு ஒரு சிப்பியை எடுத்துக்கொண்டான். இரண்டு ஓடும் ஒட்டியபடி, சின்ன டப்பா மாதிரி திறந்து மூடியது. அவன் வாயில் வைப்பதற்குள் பிடுங்கும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, மையை அடைத்து, நூலால் கட்டினேன். எண்ணெய் கசியவில்லை.

"பாய், மை சும்மாதான். சிப்பிக்குத்தான் காசு" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ நொத்தேர் ஆபீஸ்ல பத்திரம் எழுத வேண்டிய பொண்ணு!"

அப்புறம் வந்தவர்களிடம் அவரே அப்படிச் சொன்னார். ஒருத்தி சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படின்னா சரி. நல்ல சிப்பியாக் குடு" என்று வாங்கிப் போனாள். இப்போது வில்லியனூர் சந்தைக்கும் பாய் எடுத்துப் போகிறார். அந்தக் காசில்தான் பக்கத்து வீட்டுப் பொன்னி பகலெல்லாம் தம்பியை வைத்துக்கொள்கிறாள். அப்பா வெட்டிலிருந்து திரும்புமுன் அவனைத் தூக்கி வந்துவிடுவேன்.

நேற்றோடு வெட்டு முடிந்தது. நான் மை விற்பது அப்பாவுக்கு இன்று சாயங்காலம்தான் தெரிந்தது. பாய் கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். "உங்கம்மா தொடாத காசை நீ தொட்டியா?" என்று கேட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிப்பிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சிப்பியைத் திறந்தார். விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்துவிட்டு, மூடி நூலைத் திரும்பக் கட்டினார்.

"அவளும் சும்மாத்தான் குடுத்தா" என்றார். "நீயும் சும்மாத்தான் குடுக்கறே."

படுக்கப் போகும்போது, "காலையில பள்ளிக்கூடத்துக்கு முன்ன போயி கரிசலாங்கண்ணி பறிச்சினு வா. மேலண்ட வாய்க்கால்ல நெறைய கீது" என்றார். பள்ளிக்கூடத்துக்கு முன்னே என்றுதான் சொன்னார் அம்மா, என் காதால் கேட்டேன். அத்தை எதிரில் வந்து நிற்கும்போதும் அதையே சொல்வாரா?

உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. மை செத்துவிடவில்லையே? உனக்கு என்மேல் கோபம் இல்லையே?

ஒரு சத்தியம் செய்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிற யாருக்கும் சிப்பி விற்க மாட்டேன். என் விரலால் தீட்டிவிடுவேன். வெற்றிலை தவிர எதையும் வாங்க மாட்டேன். காலையில் வண்டிச் சத்தம் கேட்டாலும் உள்ளே போய் ஒளிய மாட்டேன். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பேன்.

உன் பெண்,
தம்பிக்கு இப்போது அக்காவும் அம்மாவுமான
செல்லம்