அப்பா சத்தமில்லாமல் செய்த ஜெபம்

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே தலைகள் மூன்றும் சுகம், கைகள் ஆறில் ஒன்று மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கிறது, அந்த ஒன்று என்னுடையது. நீ அங்கே சுகமாகவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பாய் என்று நம்புகிறோம், நம்புவதற்கு வசதியாக முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, போன தடவை அனுப்பியதில் உன்னைவிடத் தூண்தான் நன்றாகத் தெரிந்தது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் உன் அப்பா வாங்கிக்கொள்வார், வாங்கினால் பிரசங்கம் ஆகிவிடும், அதனால்தான் கடிதம். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அண்ணா. கண்ணாடி இல்லாமல் அம்மாவால் இதைப் படித்துப் பார்க்க முடியாது, கண்ணாடி எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படிக்கு, வாலு.)

கையைப் பற்றிப் பயப்படாதே, முறிவு இல்லை, சுளுக்குத்தான். மாடியில் கூட்டம் நடக்கிற அறையைக் கழுவிவிடும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கினேன், பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தேன், அதுவும் என்னோடு வந்துவிட்டது. இப்போது பாத்திரம் தேய்ப்பது உன் அப்பா. தேய்க்கும்போதும் பாடுகிறார், ஒரு சரணத்துக்கு ஒரு தட்டு என்ற வேகத்தில் போவதால் மத்தியானத் தட்டு காய்வதற்குச் சாயங்காலம் ஆகிறது. மற்றபடி அவர் ஊழியம் பழையபடிதான். காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஒரு சுற்று, யாருக்கு வெந்நீர் வேண்டும், யார் வீட்டுக்குப் போன் போட வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறார், ஜெபம் வேண்டும் என்பவருக்கு ஜெபம், வேண்டாம் என்பவருக்கு வெந்நீர் மட்டும். அப்புறம் வீடு சந்திப்பு, ஸ்கூட்டர் ஓடினால் ஸ்கூட்டரில், ஓடாவிட்டால் அதையும் தள்ளிக்கொண்டு. (ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று அப்பா அதற்குச் சொல்லிக்கொடுத்தார், அது வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை ஆக்கிக்கொண்டது.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவிடம் யார் எந்தக் கவலையைச் சொன்னாலும் அதை மனத்தில் போட்டுக்கொண்டு, புதன்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவரையாக ஆண்டவரிடம் சொல்லுவார், ஒருவரையும் விடமாட்டார், கண்ணை மூடினால் ஆமென்னில்தான் திறப்பார், உனக்குத் தெரியாததா. (அந்த ஆமென் ஆமை மாதிரி வரும். போன மாதம் அறைக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கக் கண் திறந்திருக்க வேண்டும் அல்லவா.) அதில்தான் வம்பு வந்தது. மாடிக்கு நேர் கீழே பட்டறை வைத்திருக்கிறாரே வெல்டர், உன் பழைய சைக்கிள் ஃபிரேமை ஒட்டிக்கொடுத்தவர், கூட்டத்துக்கெல்லாம் வரமாட்டார், ஆனால் அப்பாவும் அவரும் நல்ல சிநேகிதம். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் பாஸ்டரே, விட்டுப்போனதை ஒட்டறது, நீங்க மேல ஒட்டுங்க, நான் கீழ ஒட்டறேன் என்று கேலி பேசுவார். அவர் ஒருநாள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றில் கட்டி இருக்கிறது, ஸ்கேனில் தெரிந்தது, அடுத்த வாரம் ஆபரேஷன், கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியுமாம், வீட்டுக்காரி பயந்த சுபாவம், முந்தின நாள் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். உன் அப்பாவும் விடவில்லை, எனக்கே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள். ஆனால் ஆண்டவரிடம் சொல்வது யாரிடமும் சொல்வதில் சேராது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் மைக்கைச் சேர்க்க மறந்துவிட்டார்.

அந்தப் புதன்கிழமை பார்த்து, நான் எத்தனையோ நாளாக அழைத்துக்கொண்டிருந்த வெல்டர் சம்சாரம் முதன்முதலாகக் கூட்டத்துக்கு வந்தாள். பாட்டு நடக்கும்போது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அதற்கு முன்பே உன் அப்பா கண்ணை மூடியாயிற்று. பேர் சொல்லாமல்தான் ஜெபிக்க நினைத்தாராம், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் போனதும் அறையில் ஆட்கள் இருப்பதே மறந்துபோயிற்றாம். கீழே பட்டறை வைத்திருக்கிற எங்கள் வெல்டர் சகோதரனுடைய வயிற்றிலுள்ள கட்டியைத் தொட்டருளும், ஆபரேஷன் செய்கிற கைகளை ஆசீர்வதியும், அதை மனைவியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் தாரும் என்று உருகி உருகிக் கேட்டார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் பக்கத்தில் இருந்தவள் சொல்லவில்லை. ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து இருக்கிறதல்லவா, கீழே வெல்டிங் சத்தமும் நின்றுபோயிற்று. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் எழுந்து போய்விட்டாள், உன் அப்பாவோ கண்ணைத் திறக்காமல் அடுத்து டெய்லர் வீட்டு வாடகைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் நம் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. "எங்க வீட்டு விஷயம் உங்க வீட்டு மைக்குக்குத் தெரியுது அக்கா, எனக்குத் தெரியல" என்றாள். புருஷனோடும் பேசவில்லையாம், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு டாக்டர் பேர் சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட, அவர் வெறுத்துப்போய், ஊருக்கெல்லாம் அறிக்கை விட்டாச்சு, இனி ஆபரேஷனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் குறித்திருந்த தேதியை ரத்து செய்துவிட்டார். கேட்டதும் உன் அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஒரு மனுஷன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், தன் வாயால் கெட்டது என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். (மைக் ஒயரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாவியை என்னிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கிறார் என்றால் மனசு எவ்வளவு கலங்கியிருக்க வேண்டும்.) அடுத்த புதன் கூட்டத்தில், யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கிறதா என்று வழக்கம்போல் கேட்டார், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டெய்லர் மட்டும் எழுந்து, பொதுவா உலக சமாதானத்துக்கு ஜெபிங்க பாஸ்டர் என்று உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனி நான் வார்டில் வெந்நீர் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், என்னிடம் யாரும் மனசைத் திறக்கக் கூடாது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் கீழே போய் மன்னிப்புக் கேளுங்கள், வேதப்புத்தகம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வெறும் ஆளாகப் போங்கள் என்றேன்.

போனார். வெல்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். வாய் ஓட்டையா இருந்தா இங்க கொண்டு வாங்க பாஸ்டரே, ரெண்டு டாக் அடிச்சு மூடிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டாராம். டாக் என்றால் முழுதாக ஒட்டுவதற்கு முன்னால் அங்கங்கே வைக்கிற சின்ன ஒட்டு. உன் அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். ஒரு இரும்பு கேட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, போய்ப் பிடித்துக்கொண்டார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். ஒரு வார்த்தை ஆலோசனை இல்லை, உபதேசம் இல்லை, இரும்பைப் பிடிப்பார், வருவார். (சட்டையில் பொறி பட்டுப் பட்டுச் சல்லடை ஆகிவிட்டது. நெருப்பான ஊழியர் என்று இனி யாரும் தாராளமாகச் சொல்லலாம்.) வெல்டர் சம்சாரம் புருஷனுக்கு மட்டும் டீ கொண்டுவந்து டக்கென்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள், ஒருநாள் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். வைத்துவிட்டு அன்றைக்குப் போகவும் இல்லை. இவர் முன்னால் வைத்தே புருஷனைக் கேட்டாள், எனக்குப் பயம்னு நீங்களே எப்படி முடிவு பண்ணினீங்க, பயம் உங்களுக்கு, அதுக்கு என் பேரைப் போட்டுக்கிட்டீங்க என்று. அவர் கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்தாராம். ஆமா என்றாராம். அவ்வளவுதான். அவளே ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு நாள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நானும் உன் அப்பாவும் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். கூப்பிடாமல் போகலாமா என்று தயங்கித் தயங்கி வராந்தாவில் ஒரு ஓரமாக நின்றோம். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகிற நேரத்தில் வெல்டர் தலையைத் திருப்பி, "பாஸ்டரே, ஜெபிங்க. ஆனா சத்தம் வெளிய வரக் கூடாது" என்றார். உன் அப்பா பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். உதடுகூட அசையவில்லை. இத்தனை வருஷத்தில் இவர் வாய் மூடி ஜெபித்து நான் பார்த்ததில்லை. வண்டி தள்ளுகிறவர் கொஞ்ச நேரம் நின்றார், காலை மாற்றி நின்றார், இவர் திறக்கிற வழியைக் காணோம், வெல்டரே மெதுவாக, முடிஞ்சுதா என்றார். இவர் கண் மூடியபடியே இல்லை என்று தலையாட்டினார், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வண்டிக்காரரைப் பார்த்து, இருங்க, சொல்ல வேண்டியது நெறைய இருக்கும் என்றாள். கடைசியில் வெல்டர்தான், சரி, நேரமாச்சு, நானே முடிச்சு வெச்சிடறேன் என்று சொல்லி, "ஆமென்" என்றார். வண்டி உள்ளே போயிற்று. (ஆமை இந்தத் தடவை முயலாக ஓடியது என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், அண்ணா. அம்மா இந்த இடத்தில் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்திவிட்டாள், அதனால் எழுதவில்லை.)

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், டாக்டர் பார்த்தவரைக்கும் பயப்படும்படி இல்லை என்கிறார், டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டேன், இந்த வீட்டில் இப்போது அதுதான் சட்டம். மகனுக்குத்தானே, எழுதுங்க, நாலு பேரு வேண்டிக்கிட்டா நல்லதுதான் என்றாள் அவள். நேற்று வார்டுக்குப் போயிருந்தோம். உன் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கண்ணை மூடியிருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர், அவர் லாரி டிரைவராம், இவரை நாடி பார்க்கிற டாக்டர் என்று நினைத்துத் தன் கையையும் நீட்டியிருக்கிறார். வெல்டருக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "இவருக்கும் சேர்த்து ஜெபிங்க பாஸ்டரே, இவருக்குச் சத்தமாவே ஜெபிக்கலாம். வீட்டம்மாவுக்கு எல்லாம் தெரியும், நான் முன்னாடியே கேட்டுட்டேன்" என்றார். உன் அப்பா முதலில் அந்த டிரைவர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வாசல் பக்கம் நின்ற டிரைவர் மனைவி முகத்தைப் பார்த்தார், அவள் தலையாட்டியதும்தான் வாயைத் திறந்தார்.

நீ படுக்கப் போகும்போது வெல்டருக்காகவும் அந்த டிரைவருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள். ஆபீஸில் எரிச்சலோடு வந்து சாப்பிடாமல் படுக்காதே, போர்வையை அவ்வப்போது துவைத்து வெயிலில் போடு, அந்த ஊரில் வெயில் இல்லாவிட்டால் காற்றிலாவது போடு. உடம்புக்கு ஏதாவது என்றால் கடைசி நாள்வரை மறைத்துவைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று திட்டம் போடாதே, அன்றைக்கே எனக்குச் சொல்லு, பயப்படுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். உன்னைக் காக்கிறவர் உன் போக்கிலும் வரத்திலும் உன்னோடு இருப்பாராக, உன் கைவேலையையும் உன் நல்ல மனசையும் அவர் பெருகச் செய்வாராக.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா (இடது கைக் கையெழுத்து, பூச்சி ஊர்ந்தது அல்ல)

(எழுதியது, கூட்டியது, ஒட்டியது: வாலு. அப்பா பெட்டிச் சாவியை இன்று காலையில் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அம்மாவின் கண்ணாடியையும் இதை ஒட்டியதும் கொடுத்துவிடுவேன்.)